பதிஞ்ச ஸ்போட்ஸ் காரை பம்புக்கு மேலால ஏத்தி இறக்குறது எப்பிடி: திருகோணமலை ரோட்டுல ஓடுறவைக்கு முழு வழிகாட்டி

உப்புவெளியில ஒரு குச்சொழுங்கைக்குள்ள தான் அந்தச் சத்தத்தை நான் முதல் தரம் கேட்டன். கார் வாங்கி ஒம்பதாம் நாள், பின் சீற்றில அம்மாவும் தங்கச்சியும், டிக்கியில ரெண்டு பை அரிசியும் இருந்தது. பம்பை (ரோட்டுக்குக் குறுக்கால போடுற வேகத்தடை) நான் காணாமப் போகேல்ல, கண்டு தான் பிறேக் அடிச்சன், வேகத்தை நல்லா குறைச்சுத் தான் ஏறினன், எண்டாலும் மூக்கு "சர்ர்ர்" எண்டு உரசி, அடுத்த நிமிசம் கால் வைக்கிற இடத்துக்குக் கீழ "டங்" எண்டு ஒரு அடி. அம்மா "என்னடா, கல்லா?" எண்டு கேட்டா. கல் இல்ல. சைலன்சருக்கு போற முன் பைப் பம்பின்ர முதுகில அடிபட்ட சத்தம்.

அண்டைக்கு எனக்கு விளங்காதது ஒண்டு தான், மெதுவாத் தானே போனன், பிறகும் ஏன் தட்டினது? அதுக்குப் பிறகு ரேப் எடுத்து காரை அளந்து, பம்பை அளந்து, ஒரே பம்பில பத்துத் தரம் ஏறி இறங்கிப் பாத்து தான் பிடிபட்டுது. பம்பின்ர உயரத்தை விட நாங்க பிறேக்கை எந்த இடத்தில விடுறம் எண்டது தான் கனக்க விசயத்தைத் தீர்மானிக்குது. பம்புக்கு மேல ஏறேக்கயும் கால் பிறேக்கில இருந்தா மூக்கு குனிஞ்சு தான் இருக்கும், நீங்க அஞ்சு கிலோமீற்றர் வேகத்தில போனாலும் சரி. கீழ நான் எழுதப்போற எல்லாத்துக்கும் அடிப்படை இது தான், மிச்சத்தை மறந்தாலும் இதை மறக்காதீங்க.

முதல்ல உங்கட காரை அளந்து பாருங்க

நான் ஓடுறது ரொயோட்டா 86, 2012ல வந்த மொடல். ஜப்பான் கற்றலொக்கில இதின்ர தரை இடைவெளி 130 மி.மீ., முன் ரயருக்கும் பின் ரயருக்கும் இடையில 2570 மி.மீ. ஆனா கற்றலொக் கணக்கை நம்பிக் கொண்டு ரோட்டுல இறங்கக் கூடாது, ஏனெண்டா இங்க வாற கார் கனக்க கை மாறி வந்தது, யார் எந்த ஸ்பிரிங்கைப் போட்டாங்க எண்டு தெரியாது. என்ர கார்ல முந்தி வச்சிருந்தவர் பதிக்கிற ஸ்பிரிங் போட்டிருந்தார். சமதரையில விட்டு அளந்தா முன் பைப்பில 102 மி.மீ. தான் இருந்தது. ஜப்பான்ல வாகனப் பரிசோதனைக்கு 90 மி.மீ. இருந்தாப் போதும், அதால அங்க இது சட்டத்துக்குள்ள தான் ஓடியிருக்கும். அங்கத்த ரோட்டு வேற, எங்கட ஒழுங்கை வேற.

அளக்கிற முறை லேசு. சமதரையான சீமெந்துத் தரையில காரை விட்டு, காத்து சரியா இருக்கா எண்டு பாத்து (86க்கு 35 பி.எஸ்.ஐ., உங்கட காருக்கு எவ்வளவு எண்டு டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும்), ரெஜிபோம் கட்டி ஒண்டை சரியா 10 சென்ரிமீற்றர் உயரத்துக்கு வெட்டி எடுங்க. ஒரு நீளத் தடியில அதை கட்டி காருக்குக் கீழ முன்னால இருந்து பின்னால மெல்லமாத் தள்ளிக் கொண்டு போங்க. எங்க தடக்குதோ அந்த இடத்துக்கு நேர காரின்ர வெளிப்பக்கத்தில சோக்கால ஒரு அடையாளம் போடுங்க. பிறகு 12 சென்ரிமீற்றர் கட்டி. இப்பிடி ரெண்டு மூண்டு கட்டியோட உங்கட கார்ல எந்தெந்த இடம் பதிஞ்சு கிடக்கு எண்டு ஒரு படமே கைக்கு வந்திடும். அதுக்காக ஜக் மட்டும் வச்சு காருக்குக் கீழ பூந்திடாதீங்க, தயவு செய்து. பூர வேணுமெண்டா ஸ்ராண்ட் ரெண்டு வச்சுத் தான், இல்லாட்டி கராஜ் குழிக்கு மேல விட்டுப் பாருங்க.

86ல இஞ்சின் படுக்கையா இருக்கிறதால எக்சோஸ்ட் பைப்புகள் இஞ்சினுக்குக் கீழால வளைஞ்சு வருது, அதால முன் அக்சிலுக்கு கொஞ்சம் பின்னால தான் இதின்ர பதிஞ்ச இடம். வேற கார்களுக்கு அது முன் பம்பர் உதடா இருக்கலாம், பக்கத்துப் பாவாடையா (கதவுகளுக்குக் கீழ நீளமா வாற ஓரம்) இருக்கலாம். எது முதல்ல தட்டும் எண்டு தெரியாம பம்பு ஏறுறது கண்ணைக் கட்டிக் கொண்டு ஏறுறது மாதிரி.

பம்பை வாசிக்கப் பழகுங்க

எல்லாப் பம்பும் ஒண்டில்ல. காபெற் ரோட்டுல ஒழுங்கா போட்ட நீளப் பம்ப் இருக்கு, ஊர் ஆக்கள் சேந்து பள்ளிக்கூடத்துக்கோ கோயிலுக்கோ முன்னால சீமெந்து கொட்டி கட்டின கட்டைப் பம்ப் இருக்கு, கார் பார்க்குகள்ள நட் அடிச்சு இறுக்கின கறுப்பு மஞ்சள் றப்பர் துண்டு இருக்கு, ரோட்டுக்குக் குறுக்கால வெள்ளையா நாலஞ்சு கோடு தடிப்பாப் போட்டதும் இருக்கு. கடைசியா சொன்னதால அடி தட்டாது, ஒரே சீரான வேகத்தில போனாச் சரி, அதோட அதை விட்டிடுவம்.

நீளப் பம்பைக் கண்டு தான் புதுசா ஓடுறவை கனக்கப் பயப்படுவினம், ஆனா உண்மையில பிரச்சினை கட்டைப் பம்பில தான். கணக்கைப் பாருங்க. இங்கிலாந்தில 1973ல வட்ஸ் எண்டவர் ஆராய்ஞ்சு சொன்ன வடிவம் ஒண்டு இருக்கு, 3.7 மீற்றர் நீளம், 100 மி.மீ. உயரம், வட்டத்தின்ர ஒரு துண்டு மாதிரி வளைவு. உலகத்தில கன இடத்தில அந்த மாதிரித் தான் போடுறாங்க. 2570 மி.மீ. இடைவெளி உள்ள கார் அதுக்கு மேல ஏறினா நாலு ரயரும் பம்பு மேலயே நிக்கும், நடு வயித்துக்கு கீழ பம்பு முட்டிக் கொண்டு வாறது 48 மி.மீ. அளவு தான். 130ல 48 போனா 82 மிச்சம். அதே 100 மி.மீ. உயரத்தில அரை மீற்றர் நீளத்துக்கு ஒருத்தர் சீமெந்தில கட்டி விட்டா முன் ரயர் இறங்கி பின் ரயர் ஏற முதல் முழு 100 மி.மீ.யும் உங்கட வயித்துக்குக் கீழ நிக்கும், மிச்சம் 30. பதிச்ச ஸ்பிரிங் போட்டு 102ல நிண்ட என்ர காருக்கு மிச்சம் 2 மி.மீ., அரிசி மூட்டையும் அம்மாவும் தங்கச்சியும் இருக்கேக்க அது எங்க மிஞ்சப்போகுது. பிறேக்கோட சேத்து அதும் தான் அண்டைக்குத் தட்ட வச்சது.

ரயர் இடைவெளி குறைஞ்ச கார் எண்டா நீளப் பம்பில இன்னும் லேசு. மஸ்டா எம்எக்ஸ்-5, 2015க்குப் பிறகு வந்தது, 2310 மி.மீ. தான், அதுக்கு 39 மி.மீ. அளவு தான் முட்டி வரும். ஆர்எக்ஸ்-8 2700, அதுக்கு 53.

உங்கட ஒழுங்கையில தினமும் ஏறுற பம்பை ஒருக்கா அளந்து வைங்க, அஞ்சு நிமிச வேலை. நேரான றீப்பை ஒண்டை பம்பின்ர உச்சியில ஒரு நுனி வச்சு, போன்ல இருக்கிற மட்டம் பாக்கிற ஆப்பை வச்சு சமனாப் பிடிச்சு, மற்ற நுனியில இருந்து தரை வரைக்கும் ரேப்பால அளந்தா உயரம். காலடியால எட்டிப் பாத்தா நீளம். காலமை வெள்ளன, வாகனம் வராத நேரத்தில, ஒருத்தர் பாத்துக் கொண்டு நிக்க செய்யுங்க.

அளக்க நேரமில்லாத பம்புக்கு ரோட்டே எழுதி வச்சிருக்கும், வாசிக்கத் தெரிஞ்சாச் சரி. பம்பின்ர முதுகில, லேனுக்கு நடுவால, நீளமா கீறுகள் இருந்தா அது வயிறு உரசின கார்கள். பம்பு தொடங்கிற அடியில குறுக்கால கீறோ கறுப்பு பிளாஸ்ரிக் தேஞ்ச அடையாளமோ இருந்தா மூக்குத் தட்டினவை. இறங்கின பக்கத்தில, பம்பைத் தாண்டி ஒரு முழம் தள்ளி, தார்ல குத்தின மாதிரி தழும்பு இருந்தா அது வேகமா வந்து குதிச்சவை. நான் புது இடத்துக்குப் போனா முதல் பாக்கிறது இந்தத் தழும்பைத் தான், சாதாரண வான் கார் எல்லாம் உரசின பம்பு எண்டா நான் இறங்கிப் பாக்காம ஏறமாட்டன்.

ஏறி இறங்குறது

இப்ப முக்கியமான பகுதி, இதை அவசரப்படாம வாசிங்க.

பம்பு கண்ணில பட்டதும், ஒரு முப்பது நாப்பது மீற்றருக்கு முன்னமே, கண்ணாடியைப் பாருங்க. பின்னால ஓட்டோ ஒட்டிக் கொண்டு வருவான், மோட்டச்சைக்கிள் இடப்பக்கத்தால பூர வருவான். பிறேக்கை லேசா ரெண்டு தரம் தொட்டு பின்னுக்கு லைற்றைக் காட்டுங்க, பிறகு படிப்படியா குறைச்சுக் கொண்டு வாங்க. வேகம் எல்லாம் பம்புக்கு ஒரு கார் நீளம் முன்னாலயே முடிஞ்சு போகணும். அந்த இடத்தில கிட்டத்தட்ட நிண்டே விடுங்க, வெக்கமில்ல.

நிண்டதும் பிறேக்கில இருந்து காலை முழுசா எடுங்க. மூக்கு எழும்புறதை நீங்களே உணருவீங்க, இருக்கையில இருந்து மெல்லமா ஒரு மூச்சு விட்ட மாதிரி முன்பக்கம் உயரும். நல்லா அமத்தின பிறேக்கில மூக்கு ரெண்டு மூண்டு சென்ரிமீற்றர் குனிஞ்சிருக்கும், அது திருப்பி எழும்ப ஒரு செக்கன் எடுக்கும், அந்த ஒரு செக்கனைக் குடுங்க. எங்களுக்கு மிச்சமே மூண்டு சென்ரிமீற்றர் தான் எண்டா அந்த ஒரு செக்கன்ர பெறுமதி விளங்கும் தானே.

பிறகு முதல் கியர். 86ல கிளச்சை முழுசா விட்டு அக்சிலேற்றர் தொடாம விட்டா ஐடிலிங்கிலயே மணிக்கு 6 கிலோமீற்றர் அளவுல ஊரும், மனுசர் நடக்கிற வேகம். அது தான் வேணும். கிளச்சை அரைவாசி பிடிச்சுக் கொண்டு ஏறாதீங்க, பம்புக்குப் பம்பு அப்பிடிச் செய்தா கிளச் கருகி மணக்கும், நாலு பம்பு தாண்ட முதல் மாத்த வேண்டியதில்ல எண்டாலும் அதின்ர ஆயுள் அங்க தான் போகுது. ஏறேக்க இஞ்சின் திணறினா அக்சிலேற்றரை முட்டைக்கு மேல கால் வைக்கிற மாதிரித் தொடுங்க. லேசா இழுவை இருந்தா மூக்கு இன்னும் கொஞ்சம் தூக்கியே இருக்கும், அதும் நல்லது.

முன் ரயர் உச்சிக்கு வந்திட்டுது. கனபேர் பிழை விடுறது இந்த இடத்தில தான், "அப்பாடா ஏறிட்டன்" எண்டு விட்டிடுவாங்க, கார் சறுக்கி இறங்கும், பயத்தில பிறேக் அடிப்பாங்க. இறங்கேக்க முன் ஸ்பிரிங் தானாவே அமுங்கும், அதுக்கு மேல பிறேக்கும் சேந்தா ரெண்டு குனிவும் கூடி உதடு ரோட்டைத் தொடும். அதால இறங்கேக்க பிறேக் தொடாதீங்க, கியர்லயே இருக்கட்டும், முதல் கியர் பிடிச்சுக் கொண்டு தான் இறக்கும். 3.7 மீற்றர் பம்பை இந்த வேகத்தில ஒரு சோடி ரயர் தாண்ட ரெண்டு மூண்டு செக்கன், அவ்வளவு தான், அந்தரப்பட ஒண்டுமில்ல.

முன் ரயர் இறங்கி சமதரைக்கு வந்ததும் உடனே அக்சிலேற்றரை மிதிக்கிற பழக்கமும் இருக்கு, அதையும் விடுங்க. மிதிச்சா பின்பக்கம் குந்தும், பின் ரயர் பம்பில ஏறப்போற நேரம் வயிறு இன்னும் பதியும். பின் ரயரும் இறங்கி, கார் ஒருக்கா ஆடி அடங்கின பிறகு ரெண்டாம் கியர்.

வேகமாப் போனா கார் பம்பைப் "பறந்து" தாண்டும் எண்டு ஒரு கதை எங்கட பொடியள் மத்தியில இருக்கு. மேல போனது கீழ வரத் தானே வேணும். வேகம் ரெண்டு மடங்கானா ஸ்பிரிங் வாங்க வேண்டிய சக்தி நாலு மடங்கு, சொக் அப்சோபர் முட்டுக்கட்டை வரைக்கும் அமுங்கும், பதிஞ்ச கார்ல அந்த முட்டுக்கட்டையும் கிட்டத் தான் இருக்கும். செசியே தரையைத் தொட்ட கார் ஒண்டை கராஜில பாத்தனான், குறுக்குச் சட்டம் தட்டையாப் போய்க் கிடந்தது.

சரிச்சு ஏறுறது, எப்ப உதவும் எப்ப உதவாது

எல்லாரும் சொல்லுறது "சரிச்சு ஏத்து மச்சான்" எண்டு. பாதி சரி.

சரிச்சு ஏறேக்க ஒரு நேரத்தில ஒரு ரயர் தான் ஏறும், அதால மூக்கில ஒரு பக்கம் முதல்லயே எழும்பிடும். மூக்கு நீண்ட கார்களுக்கு இது கட்டாயம் வேணும். நீளப் பம்பில நடு வயித்துக்கும் உதவும். நான் கணக்குப் போட்டுப் பாத்தன், 86ஐ 30 பாகை சரிச்சா பம்புக்கு அங்கால இங்கால நிக்கிற ரெண்டு உள் ரயருக்கு இடையில உள்ள தூரம் 2.57 மீற்றர்ல இருந்து 1.5 மீற்றர் அளவுக்கு வந்திடும், கார் திடீரெண்டு கட்டையானது மாதிரி. 15 பாகை எண்டா 2.1 மீற்றர். ஆனா 30 பாகை சரிக்க முழு ரோட்டும் வேணும். உங்கட லேனுக்குள்ள நிண்டு கொண்டு 15 பாகை கிடைச்சாப் பெரிய விசயம்.

கட்டைப் பம்பில, நடு வயித்துக்கு, சரிக்கிறதால பெருசா ஒண்டும் நடக்காது, ஏனெண்டா பம்பு அவ்வளவு ஒடுக்கம், நாலு ரயரும் தரையில நிக்க அது காருக்குக் கீழ தனியக் கிடக்கும். மூக்குக்கும் இஞ்சினுக்குக் கீழ உள்ள பகுதிக்கும் மட்டும் தான் உதவி. அதால கட்டைப் பம்பில வயிறு தட்டுற காருக்கு சரிச்சு ஏறி மினக்கெடாதீங்க, ஆக்களை இறக்குங்க, பலகை போடுங்க, கீழ சொல்லுறன்.

எந்தப் பக்கம் சரிக்கிறது? எங்களுக்கு இடப்பக்க ரோட்டு, வலப்பக்க ஸ்ரியறிங். நடுக்கோட்டுப் பக்கமா வந்து மூக்கை இடப்பக்கம் திருப்பி ஏறுங்க. அப்ப முதல் ஏறுறது வலது முன் ரயர், உங்கட காலுக்கு முன்னாலயே இருக்கிறது, உணரவும் பாக்கவும் லேசு, கார் முடியிறது இட ஓரத்தில, எதிர்ல வாறவனுக்கு இடைஞ்சல் இல்ல. ஓரத்தில இருந்து வலப்பக்கம் சரிச்சா எதிர் லேனுக்குள்ள மூக்கை நீட்டிக் கொண்டு நிப்பீங்க. சரிக்க முதல் இடக் கண்ணாடியை ரெண்டு தரம் பாருங்க, உங்கட இடப்பக்கம் வெறுமையாக் கிடக்கு எண்டு கண்டதும் மோட்டச்சைக்கிள் அதுக்குள்ள வந்திடும்.

பம்புக்கும் ரோட்டு ஓரத்துக்கும் இடையில மழைத்தண்ணி ஓட ஒரு இடைவெளி விட்டிருப்பாங்க, மோட்டச்சைக்கிள்காரர் அதால தான் போவினம். அதில ஒரு பக்க ரயரை விட்டுப் போகலாம் எண்டு நினைக்காதீங்க. அந்தப் பக்கம் எழும்பாது, மற்றப் பக்கம் எழும்பும், கார் சரிஞ்சு எழும்பாத பக்கத்து அடிப்பாவாடை பம்பு நுனியில உரசும். பதிஞ்ச காருக்கு ரெண்டு முன் ரயரும் பம்பு மேல ஏற வேணும்.

ஆக்கள், சாமான், காத்து

இது சின்னப் பகுதி ஆனா முக்கியம். பின் சீற்றில ரெண்டு பேர், டிக்கியில சாமான் எண்டா கார் கண்ணுக்குத் தெரியவே பதியும். 86ன்ர ராங்கி 50 லீற்றர், நிறைச்சா பெற்றோல் மட்டும் 37 கிலோ அளவு. பெரிய பம்பு எண்டு தெரிஞ்சா ஆக்களை இறக்கி நடக்க விடுறது தான் ஆகலும் லேசான வழி, காசில்லாத வழி. கோணேசர் கோயிலுக்குப் போகேக்க நான் அப்பிடித் தான், அம்மா சொல்லாமலே கதவைத் திறந்து இறங்கிடுவா, கோட்டைக்குள்ள மான் நிக்கிறதால பாத்துக் கொண்டு ரெண்டு எட்டு நடக்கிறது அவவுக்கும் விருப்பம்.

மானைப் பத்திச் சொன்னா, அது கோட்டைக்குள்ள மட்டுமில்ல ரவுணுக்குள்ளயும் ரோட்டுல படுத்துக் கிடக்கும். பம்புக்கு கிட்ட நீங்க நிப்பாட்டினதும் எழும்பி பொனற்றுக்கு முன்னால ஓடும், அதால காலை பிறேக்குக்கு மேல தயாரா வச்சிருங்க, அமத்தாதீங்க.

ரயர் காத்து குறைஞ்சா சில மில்லிமீற்றர் பதியும். 215/45 ரயரை எடுத்திட்டு வடிவுக்கெண்டு 215/40 போட்டா பக்கச் சுவர் 97ல இருந்து 86 மி.மீ. ஆகும், கார் 11 மி.மீ. அளவு இறங்கிடும், அதோட ஸ்பீட் மீற்றரும் பிழையாக் காட்டும்.

இரவும் மாரியும்

ஒக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும் எங்களுக்கு மாரி. தண்ணி நிண்டா பம்பு தெரியாது, பம்புக்கு முன்னால வாகனங்கள் பிறேக் அடிச்சு அடிச்சு ரோட்டு குழி விழுந்திருக்கும், அந்தக் குழியும் தெரியாது. குழிக்குள்ள முன் ரயர் இறங்கின நேரம் மூக்குக்கு முன்னால பம்பு தொடங்குது எண்டா 5 சென்ரிமீற்றர் குழியும் 10 சென்ரிமீற்றர் பம்பும் சேந்து 15 ஆகுது. தண்ணிக்குள்ள பதிஞ்ச காரை விடாதீங்க, முன்னால போற வாகனம் எவ்வளவு அமுங்கி எழும்புது எண்டு பாத்திட்டுப் போங்க.

இரவில வெள்ளைக் கோடு அழிஞ்ச பம்பை கண்டுபிடிக்க முன் வாகனத்தின்ர பின் லைற்றைப் பாருங்க. சிவப்பு ரெண்டும் ஒருக்கா மேல போய் கீழ வந்தா அந்த இடத்தில ஒண்டு இருக்கு. தனிய ஓடேக்க டிம் லைற் தான் நல்லது, வெளிச்சம் பதிவா விழுறதால பம்புக்கு அங்கால கறுப்பா ஒரு நிழல் பட்டி தெரியும். நிலாவெளிப் பக்கம் கடக்கரையோட போற ரோட்டுகள்ள மண் பறந்து பம்பு அடியில சேந்து கிடக்கும், ரயர் ஏறேக்க சறுக்கும், அக்சிலேற்றரை அமத்தாதீங்க, சறுக்கினா நிப்பாட்டி பின்னுக்கு எடுத்து திருப்பி வாங்க.

வீட்டுக் கேற், கான், ஹோட்டல் ஏத்தம்

எங்கட ஊர்ல பம்பை விட கேற் தான் கனக்க காரைக் கெடுக்குது. ரோட்டுக்கும் வளவுக்கும் இடையில கான், அதுக்கு மேல கொங்கிறீற் மூடி, அதில இருந்து ஒரு செங்குத்து ஏத்தம். இங்க நடு வயிறு தட்டுற பிரச்சினை இல்ல, மூக்கு குத்துற பிரச்சினை. இங்க சரிச்சு ஏறுறது முழுசா உதவும், கேற் அகலம் விட்டா.

வீட்டு கேற்றுக்கு ரெண்டு பலகை செய்து வைங்க. 2 அங்குலத் தடிப்பு, 10 அங்குல அகலம், ஒரு மீற்றர் நீளம், ஒரு நுனியை சரிவாச் சீவி விட்டாச் சரி. ஏத்தம் தொடங்கிற இடத்தில ரயருக்கு நேர வச்சா ரயர் 5 சென்ரிமீற்றர் முன்னமே எழும்பிடும். கீழ றப்பர் துண்டு ஆணி அடிச்சு விடுங்க, இல்லாட்டி பலகை பின்னால எத்துப்படும், பின்னால ஒருத்தரையும் நிக்க விடாதீங்க. 86ல பின் சீற் மடிச்சா ரெண்டு பலகையும் உள்ளுக்க கிடக்கும், நான் தூரம் போனா கொண்டு தான் போறன், கட்டைப் பம்புக்கும் உதவும்.

இறங்கேக்கயும் அதே ஏத்தம் தான், ஆனா மூக்கு முன்னால இறங்கும். முடிஞ்சா வளவுக்குள்ள ரிவேர்ஸ்ல ஏறி, வெளியில வரேக்க நேர வராம சரிச்சு வாங்க.

தட்டினா என்ன செய்யிறது

சத்தம் எதெண்டு காது பழகணும். "சர்ர்" எண்டா பிளாஸ்ரிக், உதடோ அடிக் கவரோ, நிப்பாட்டத் தேவையில்ல, அங்கால போய் பாருங்க. "கிர்ர்" எண்டு இழுத்தா எக்சோஸ்ட். "டங்" எண்டு ஒரே அடி எண்டா இரும்பு, அதுக்கு அடுத்த பாதுகாப்பான இடத்தில நிப்பாட்டி குனிஞ்சு பாக்கத் தான் வேணும்.

நடு வயிறு பம்பில குந்தி ரயர் சுத்துது எண்டா உடனே அக்சிலேற்றரை விடுங்க. முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டி எடுக்கப் பாத்தா பைப்பைக் கிழிச்சுக் கொண்டு தான் வரும். ஆக்களை இறக்குங்க, சாமானை இறக்குங்க, பாதிக்குப் பாதி அதிலயே எழும்பிடும். எழும்பாட்டி ஜக் வைக்கிற இடத்தில ஜக்கால தூக்கி ரயருக்குக் கீழ பலகையோ தட்டைக் கல்லோ வச்சு, ஜக்கை எடுத்திட்டு, மெல்லமா உருட்டி எடுங்க.

ஒயில் லைற் சிவப்பா எரிஞ்சா அதே இடத்தில இஞ்சினை நிப்பாட்டுங்க, இன்னும் நூறு மீற்றர் தானே எண்டு ஓடாதீங்க, சம்ப் (இஞ்சினுக்குக் கீழ ஒயில் நிக்கிற தொட்டி) வெடிச்சிருந்தா அந்த நூறு மீற்றர்ல இஞ்சினே போயிடும். லைற் எரியாட்டியும் வீட்ட வந்து காருக்குக் கீழ ஒரு வெள்ளை மட்டையை விரிச்சு விட்டு காலமை பாருங்க. கறுப்பா, தேன் நிறமா சொட்டு இருந்தா ஒயில், நிறமான தண்ணி எண்டா ரேடியேற்றர், நிறமில்லாத தண்ணி எண்டா ஏசி, அது பரவாயில்ல. அடிக் கவர் தொங்கினா கேபிள் டையால கட்டிக் கொண்டு மெல்லமா ஓடலாம், கிளிப் தான் உடைஞ்சிருக்கும், அது மலிவு.

உரசின இரும்பை மட்டும் அப்பிடியே விடாதீங்க. எங்கட காத்தில உப்பு, பெயின்ற் போன இடம் ஒரு மாரிக்குள்ள செம்மண் நிறமாகிடும். கம்பித் தூரிகையால தேச்சு, சிங்க் பிறைமர் ஒரு பூச்சு, மேல அடிப் பூச்சு. எக்சோஸ்ட்டுக்கு இது பிடிக்காது, சூட்டில கருகும், அதை விட்டிட்டு மற்ற இடத்துக்கு. கடக்கரைப் பக்கம் ஓடினா கிழமைக்கு ஒருக்கா அடியை நல்ல தண்ணியால கழுவுங்க. பலமா அடிபட்ட பிறகு ஸ்ரியறிங் ஒரு பக்கம் இழுத்தா அலைன்மென்ற் பாக்காம ஓடாதீங்க, ரயர் ஒரு மாசத்தில ஒரு பக்கம் தேஞ்சிடும்.

மாத்துறதெண்டா எதை மாத்துறது

போர்ஷ 911 மாதிரிக் கார்களுக்கு கொம்பனியே ஒப்ஷனா முன் அக்சிலை 40 மி.மீ. அளவு தூக்கிற வசதி குடுக்குது, சுவிச்சை அமத்தினாச் சரி. எங்கட கார்களுக்கு கொயில்ஓவரோட (ஸ்பிரிங்கும் சொக் அப்சோபரும் ஒண்டாச் சேந்தது) சேத்து காத்தால தூக்கிற கிற் வெளியில வாங்கலாம், ஆனா அதைப் பூட்டவும் பழுது பாக்கவும் தெரிஞ்ச கை வேணும், குழாய் கசிஞ்சா இரவில ஒரு பக்கம் குந்தியிருக்கும்.

நான் செய்தது அதை விட லேசு, பதிச்ச ஸ்பிரிங்கைக் கழட்டி ஒறிஜினல் ஸ்பிரிங் போட்டன். வடிவு கொஞ்சம் போனது தான், ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையில இப்ப மூண்டு விரல் போகுது. கராஜ் அண்ண ஜக்கை இறக்கின கையோட "தம்பி, இனி உன்னை அடிக்கடி காணக் கிடையாது" எண்டார். பூட்டி அடுத்த நாள், குறுக்குச் சட்டத்துக்குக் கீழ, எக்சோஸ்ட்டில இருந்து தள்ளி, 3 சென்ரிமீற்றர் தடிப்பில ஒரு ரெஜிபோம் துண்டை ரேப்பால ஒட்டிக் கொண்டு அதே உப்புவெளி ஒழுங்கைக்குப் போனன். ஒரு கார் நீளத்துக்கு முன்னால நிப்பாட்டி, பிறேக்கை விட்டு, ஒரு செக்கன் இருந்து, முதல் கியர். இறங்கி குனிஞ்சு பாத்தா ரெஜிபோம்ல தார்ப் பொடி ஒட்டியிருந்தது, ஒரு கீறு கிடந்தது, கழரேல்ல. திருப்பி வரேக்க வேணுமெண்டே பிறேக்கில கால் வச்சுக் கொண்டு ஏறினன், அதே வேகம், அதே இடம். துண்டு ரெண்டாப் பிஞ்சு பம்பு முதுகில கிடந்தது.